ஜி.டி. எக்ஸ்பிரஸ் கட்டுச்சோறு

அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, தில்லி ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகை கிடைக்கும் வருஷங்களில் மே மாதம் பள்ளி மூடியதும் கும்பகோணத்துக்குக் கிளம்பிவிடுவோம். எண்பதுகளின் கதை இது. தில்லியிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை ஜி.டி. எக்ஸ்பிரஸ், அல்லது இடம் கிடைத்தால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். எதில் வந்தாலும் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர், இரண்டு இரவும் ஒரு பகலும். அப்புறம் எழும்பூருக்குப் போய் மீட்டர் கேஜ் வண்டியில் இன்னொரு இரவு. ஜி.டி. 1929-ல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976-ல்தான் வந்தது. அதனால் அவர் கணக்கில் அது நேற்றுப் பிறந்த பிள்ளை.

இத்தனை நேரப் பயணத்துக்கு நான்கு பேருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். ரயிலில் சாப்பாடு கிடைக்காமல் இல்லை. எல்லா வேளைக்கும் வாங்கினால் கட்டுப்படியாகாது, அவ்வளவுதான். கட்டுச்சோற்றைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் பாசத்தையும் மணத்தையும் பேசுகிறார்கள்; எங்கள் வீட்டில் அதன் தொடக்கம் பணக்கணக்கு. ஆனால் அந்தக் கணக்குக்குள் அம்மா செய்து வைத்திருந்த ஏற்பாடு இருக்கிறதே, அதைத்தான் எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் மகன் இப்போது தில்லியில் படிக்கிறான். அவனுக்குக் கட்டிக்கொடுக்கும்போதுதான் அம்மா செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது புரிகிறது. 'அம்மா கைமணம்' என்று சொல்லி நாம் கையெடுத்துக் கும்பிடுவதில் முக்கால்வாசி, கற்றுக்கொண்டால் யாருக்கும் வரக்கூடியது.

முதல் விஷயம், எந்த வேளைக்கு எது என்பது. அம்மாவின் வரிசை மாறவே மாறாது. ஈரம் அதிகம் உள்ளது முதலில், எண்ணெயும் புளியும் உள்ளது கடைசியில். ஏறிய இரவு பூரியும் உருளைக்கிழங்கும். மறுநாள் காலை மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. மதியம் தயிர்சாதம். இரவு புளியோதரை. பசி எப்படி இருந்தாலும் இந்த வரிசையைத் தாண்டிப் பொட்டலத்தில் கை வைக்க முடியாது. "புளியோதரை எங்கேயும் போகாது, தயிர்சாதம்தான் காத்திருக்காது" என்பார் அம்மா. தம்பி முதல் இரவே புளியோதரை கேட்டு அழுவான். கிடைக்காது.

உருளைக்கிழங்கு முதல் இரவுக்கு மட்டும்தான், அதுவும் வெங்காயம் சேர்க்காமல், தண்ணீர் துளியும் ஊற்றாமல் எண்ணெயிலேயே புரட்டி எடுத்தது. வெங்காயம் போட்டால் சீக்கிரம் ஊசிப்போகும். தேங்காய் அதைவிட மோசம். சட்னி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. சப்பாத்தியைவிடப் பூரி நல்லது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபி ஆன்ட்டி. எண்ணெயில் வெந்ததில் ஈரம் குறைவு, அதனால் மறுநாளும் தாங்கும். ஓமமும் உப்பும் போட்டுக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, உப்பிவரும் பூரியைச் சற்றுக் கூடுதலாகச் சிவக்கவிட்டு எடுத்தால் ஆறிய பிறகும் தோல்போல இழுக்காது. சப்பாத்திதான் வேண்டுமென்றால் வெந்நீரும் எண்ணெயும் விட்டுப் பிசையலாம். ஆனாலும் இரண்டாம் நாள் சப்பாத்தியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இட்லிக்கு வருவோம். இட்லி கெடுவது பெரும்பாலும் மாவால் இல்லை, வியர்வையால். சூடாக அடைத்தால் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி மறுபடி இட்லிமேலேயே சொட்டும். காலையில் பிட்டால் நூல் விடும். அம்மா இட்லியைத் துணியில் ஊற்றி எடுத்து, மூங்கில் தட்டில் இடைவெளி விட்டுப் பரப்பி, வெதுவெதுப்பாக இருக்கும்போது நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இரண்டு பக்கமும் ஓரத்திலும் தடவுவார். ஓரத்தை விட்டுவிடக் கூடாது, அங்கேதான் முதலில் காயும். அதற்குப் பிறகு முழுதாக ஆறும் வரை ஃபேனுக்குக் கீழே. மின்வெட்டு வந்துவிட்டால் விசிறியோடு என்னை உட்கார வைத்துவிடுவார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ப்பார்கள். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைப்பார்கள். அது சாதாரண இட்லியைவிட நாள் தாங்கும். கும்பகோணத்திலிருந்து திரும்பும்போது பாட்டி அந்த வாசனைக்காகவே மாவில் கொஞ்சம் சுக்குப்பொடி கலந்துவிடுவார். ரயில் வயிற்றுக்கும் அது நல்லது என்பது பாட்டி கட்சி.

தயிர்சாதம்தான் கைப்பக்குவம் கேட்கும் வேலை. மே மாதம் பகலில் வண்டி நாக்பூர், பல்லார்ஷா பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். வெயில் 45 டிகிரியைத் தொடும் ஊர்கள். ஜன்னலில் வரும் காற்று அடுப்புக்கு முன்னால் நிற்பது போல இருக்கும். ஈரத்துண்டைக் கம்பியில் கட்டி வைத்திருப்போம், அது கால் மணியில் காய்ந்துவிடும். அந்த வெயிலில் முதல் நாள் சாயங்காலம் பிசைந்த தயிர்சாதம் மறுநாள் மதியம் புளிக்காமல் இருக்க வேண்டும். அதற்குத் தயிர்சாதத்தைத் தயிரில் பிசையக் கூடாது. பாலில் பிசைய வேண்டும்.

அரிசியைக் குழைய வேகவைத்து, சூட்டோடு மத்தால் மசித்து, ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் காய்ச்சிய பால் விட வேண்டும். பார்க்கப் பாயசம் மாதிரி நீர்க்க இருக்கும். பயப்பட வேண்டாம், சோறு எல்லாவற்றையும் குடித்துவிடும். நன்றாக ஆறி, விரல் வைத்தால் சூடே தெரியாத பதத்தில் ஒரே ஒரு ஸ்பூன் தயிர். குளிர்காலம் என்றால் இரண்டு ஸ்பூன். கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக் கலந்து, உப்பும் போட்டு மூடிவிட்டால் வண்டி ஓட ஓட அது உறையும். சாப்பிடும் நேரத்துக்குச் சரியாகத் தயிராகி நிற்கும். வெள்ளரி, மாதுளை, திராட்சை எல்லாம் வீட்டு விருந்துக்குச் சரி, பயணத்துக்கு வேண்டாம். நீர் விடுகிற எதுவும் வேண்டாம். தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு.

எவ்வளவு தயிர், எந்தச் சூட்டில் என்பது ஊருக்கும் மாதத்துக்கும் மாறும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பிசைந்து, ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியே விட்டு, எத்தனை மணி நேரத்தில் புளிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல சமையல் குறிப்பு கிடையாது.

இனி புளியோதரை. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பேச வேண்டும்.

தில்லியில் அப்போது நல்ல பழம்புளி கிடைப்பது சிரமம். கரோல்பாக்கில் தமிழ்க்கடைகள் இருந்தன, ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்த, கருத்துப்போன புளிதான் புளிக்காய்ச்சலுக்குச் சரி என்பது அம்மாவின் தீர்ப்பு. புதுப்புளியில் புளிப்பு இருக்கும், அந்த ஆழமும் நிறமும் இருக்காது. அரை கிலோ அரிசிக்கு நூறு கிராம் புளி. வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். கரைக்கும் தண்ணீர் கூடினால் கொதிக்கும் நேரம்தான் கூடும், லாபம் ஒன்றும் இல்லை.

எண்ணெய் நல்லெண்ணெய்தான், மாற்று கிடையாது. 150 மில்லி ஊற்றும்போது கை நடுங்கும், ஊற்றுங்கள். கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, கிள்ளாத மிளகாய் வற்றல், கட்டிப் பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்பொடியும் புளிக்கரைசலும் உப்பும் சேர்த்தால் முதலில் தளதளவென்று கொதிக்கும். நேரம் ஆக ஆகச் சத்தம் மாறும். கொதிக்கிற சத்தம் போய், கனத்த குமிழ் ஒவ்வொன்றாக வெடித்து 'ப்ளப்' என்று கேட்கத் தொடங்கும். சேற்றில் கால் எடுப்பது மாதிரியான சத்தம். அப்போது அடுப்பைத் தணித்துக் கிளறிக்கொண்டே இருந்தால் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து பளபளவென்று நிற்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் கோடு உடனே மூடக் கூடாது. அதுதான் பதம். அம்மா கண்ணால் பார்க்க மாட்டார், அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே "போதும், நிறுத்து" என்பார். காதுதான் அவருக்கு கடிகாரம்.

வறுத்து அரைத்த பொடியைக் கடைசியில் போட வேண்டும். வெந்தயம், தனியா, கடலைப்பருப்பு, மிளகாய், எள். வெந்தயம் சிவந்தால் போதும், கருகினால் எல்லாம் கசக்கும். பொடியில் பாதியைப் புளிக்காய்ச்சலில், மீதியைச் சோறு கலக்கும்போது தூவினால் வாசனை தனியாக நிற்கும்.

சோறு உதிரியாக வேண்டும். வடித்த சோறு குக்கர் சோற்றைவிடச் சிறந்தது. தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, ஆறிய பிறகு கலக்க வேண்டும். சோற்றைச் சீக்கிரம் ஆறவைப்பது ருசிக்காக மட்டும் இல்லை. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. சோறு குவியலாக வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. மெல்லிய பரப்பில் சீக்கிரம் ஆறவைப்பது அவற்றுக்கு நேரம் கொடுக்காமல் இருக்கத்தான். புளியின் அமிலமும் உப்பும் அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். பாட்டிக்கு பாக்டீரியா பெயர் தெரியாது. "ஈரக்கையால தொடாதே, குமிச்சு வைக்காதே" என்ற இரண்டு வாக்கியத்தில் அவர் முடித்துவிட்டார். அதற்காக எத்தனை நாளானாலும் கெடாது என்று யாரும் நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் இரண்டாம் நாள் இரவுதான் எல்லை. மூன்றாம் நாள் மிச்சம் இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுவோம்.

புளியோதரையை அன்றே செய்து அன்றே வீட்டில் சாப்பிட்டால் ரயிலில் சாப்பிட்ட ருசி வராது. நிறைய பேர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 'அந்தக் காலம், அந்த ஜன்னலோரம்' என்று பெருமூச்சு விடுவார்கள். ஜன்னலோரத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டுதான். ஆனால் பெரிய பங்கு ஊறலுக்கு. ஒரு நாள் முழுக்க இலைக்குள் அழுந்திக் கிடந்த சோற்றில் புளியும் உப்பும் காரமும் பருக்கையின் உள்வரை இறங்கியிருக்கும், பருப்பு எண்ணெயில் ஊறி மொறுமொறுப்பு போய்க் கடிக்க வாகாக ஆகியிருக்கும். வீட்டில் அதே ருசி வேண்டுமென்றால் காலையில் கலந்து, வாழையிலையில் இறுக்கிக் கட்டி, ராத்திரி பிரியுங்கள். நான் செய்து பார்த்தேன். ஏக்கத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

கட்டுவதும் ஒரு வேலை. தில்லியில் வாழையிலை விலை அதிகம், அதனால் போகும்போது எவர்சில்வர் டப்பா, திரும்பும்போது இலை. இலையைத் தணலில் காட்டி வாட்டினால் பச்சை கருத்து, துணி மாதிரி மடியும். வாட்டாத இலை மடிப்பில் கிழியும். வாட்டிய இலையைத் துடைத்து, ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றி, வாழைநாரால் கட்டுவார்கள். மொத்தமாக ஒரே டப்பாவில் வைத்தால் ஒவ்வொரு தடவை கை படும்போதும் மிச்சம் கெடும். பொட்டலமாக இருந்தால் பிரித்ததை முடித்துவிடலாம். எண்ணெய் ஊறிய செய்தித்தாளின் அச்சு மை சாப்பாட்டில் படுவது நல்லதில்லை என்று இப்போது தெரியும். அதனால் நான் வெளிச்சுற்றுக்கு பட்டர் பேப்பர் வாங்கிக்கொள்கிறேன். அலுமினிய ஃபாயிலில் புளியோதரை, எலுமிச்சை சாதம் கட்டாதீர்கள். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். ஃபாயிலில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பூரிக்கு ஃபாயில் போதும்.

டப்பாக்களை முதல் நாளே கழுவி வெயிலில் காயவைத்துவிட வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்துக்குள் ஒளிந்திருக்கும் ஈரம்தான் எதிரி. ஸ்பூன் இரண்டு தனியாக ஒரு துணிப்பையில்.

இவ்வளவு கண்டிப்பான அம்மா, பக்கத்து சீட்டுக்காரர்கள் விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்க்க மாட்டார். எப்போதும் இரண்டு பொட்டலம் கூடுதலாக இருக்கும். விஜயவாடாவில் ஏறும் குடும்பம் ஆவக்காய் ஜாடியைத் திறந்தால் எங்கள் தயிர்சாதத்துக்கு நார்த்தங்காய் தேவைப்படாது. லீவுக்குப் போகும் ராணுவக்காரர் ஒருவர் இட்லியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, பொடியின் காரத்தில் கண் கலங்கி, அப்படியும் இன்னொன்று கேட்டது நினைவிருக்கிறது. பதிலுக்கு வெல்லமும் பச்சை வெங்காயமும் வைத்து பராத்தா கொடுத்தார். இப்போது முகம் தெரியாதவர் கொடுப்பதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தயங்குகிறோம், அதில் நியாயமும் இருக்கிறது. அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். சுராஹிப் பானைத் தண்ணீர் நாக்பூர் தாண்டுவதற்குள் தீர்ந்து, பிளாட்பாரக் குழாயில் அப்பா பிடித்துவரும் தண்ணீரைக் குடித்து வயிற்றுவலியோடு கும்பகோணத்தில் இறங்கியதும் அதே காலம்தான்.

ரயிலில் வாங்கித் தின்றதும் உண்டு. ஆக்ராவில் பேட்டா என்ற பூசணி மிட்டாய், மதுராவில் பேடா, விஜயவாடாவில் பங்கனப்பள்ளி மாம்பழம். பிளாட்பாரத்தில் வாங்குவதற்கு அம்மாவின் விதி எளிது: தோல் உரிக்கிறதை வாங்கு, கண்ணெதிரே பொரிக்கிறதை வாங்கு, நறுக்கி வைத்ததை வாங்காதே. இன்றும் எனக்கு இதைவிட நல்ல விதி கிடைக்கவில்லை.

இப்போது தெற்கேயிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினால் நேராக தில்லி நிஜாமுதீனில் இறங்கலாம். எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு மூட்டை முடிச்சோடு ஓடும் வேலை இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடி போனில் சாப்பாடு சொன்னால் அடுத்த பெரிய ஸ்டேஷனில் கொண்டுவந்து தருகிறார்கள். ஏசி பெட்டி என்பதால் தயிர்சாதத்துக்கு அந்த நாக்பூர் வெயில் சோதனையும் இல்லை. தயிரைக் கொஞ்சம் கூடவே விடலாம், இல்லாவிட்டால் உறையாமல் பால்சோறாகவே நிற்கும். ஆனால் மூடிய பெட்டியில் வாசனை வெளியேற வழி இல்லை. அவித்த முட்டை, கருவாட்டுத் தொக்கு, முள்ளங்கி போன்றவற்றை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுவது சக பயணிகளுக்குச் செய்யும் தர்மம். பெருங்காயத்தை மட்டும் மன்னித்துவிடுவார்கள் என்று நம்புகிறேன். எச்சில் இலையைப் போட ஒரு தனிப் பை, கை துடைக்க ஈரத்துணி ஒன்று, இரண்டும் கட்டாயம்.

என் மகன் ஒரு பொட்டலத்துக்கு மேல் சாப்பாடு தூக்க மறுக்கிறான். சரி என்று புளிக்காய்ச்சலை மட்டும் பாட்டிலில் கொடுத்து அனுப்புகிறேன். பதமாகக் காய்ச்சி, மேலே ஒரு விரல்கடை எண்ணெய் மிதக்க, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் அடைத்தால் ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் இருக்கும். காய்ந்த ஸ்பூன் போடச் சொல்லுங்கள், அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். விமானத்தில் போனால் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வைப்பது நல்லது. கெட்டிக் குழம்பாக இருப்பதால் சோதனையில் நிறுத்தக்கூடும். இரண்டு பாலிதீன் உறைக்குள் போட்டு, நடுவில் பழைய துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டால் எண்ணெய் கசிந்தாலும் சட்டை தப்பிக்கும்.

விடுதி அறையில் அடுப்பு கிடையாது என்பதால் அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது புளி அவல். கெட்டி அவலை இரண்டு தடவை அலசி, தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு, பத்து நிமிஷம் அப்படியே மூடி வைத்தால் பூவாக மலர்ந்திருக்கும். இரண்டு கை அவலுக்கு ஒன்றரை ஸ்பூன் புளிக்காய்ச்சல், கொஞ்சம் உப்பு, ஒரு சிட்டிகை வெல்லம். விரல்நுனியால் பிசற வேண்டும், அழுத்தக் கூடாது. கால் மணி நேரம் ஊறிய பிறகு சாப்பிடலாம். நிலக்கடலை பாட்டிலின் அடியில் தங்கியிருக்கும், ஸ்பூனை அடிவரை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.